குழாயைக் காக்கும் கைகள்

(மாவட்ட மைய நூலக அரங்கில் பொதுமக்களுக்கும், நோயாளிகளின் குடும்பத்தாருக்கும், செவிலியர் பயிற்சி மாணவிகளுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

“தொண்டையில ஓட்டை போட்டுட்டா அவ்வளவுதானா டாக்டர்?”

காது மூக்கு தொண்டை மருத்துவனான நான் ஐ.சி.யூ. வாசலில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உள்ளே அப்பா பத்து நாளாக வென்டிலேட்டரில் இருப்பார். பைக் விபத்தில் தலையில் அடி, அல்லது பக்கவாதம், அல்லது பூச்சிமருந்து. ஒப்புதல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு மகன் நிற்பார். பின்னால் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார். ‘டிரக்கி போடணும், கையெழுத்துப் போடுங்க’ என்று எங்களில் ஒருவர் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிருப்பார். அந்தக் குடும்பத்தின் காதில் அது சாவுச் செய்தியாகத்தான் விழுகிறது. கடைசிக் கட்டத்தில் செய்வது, செய்துவிட்டால் ஆள் திரும்ப மாட்டார் என்று ஊரில் யாரோ சொல்லியிருப்பார்கள்.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். டிரக்கியாஸ்டமி என்கிற அறுவை, சிக்கல் இல்லாவிட்டால், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் குழாயை நாளும் பொழுதும் அடைபடாமல் காப்பாற்றுபவை சில கைகள். முதலில் செவிலியரின் கை. வீட்டுக்குப் போன பிறகு மனைவியின் கை, மகளின் கை, பெற்ற தாயின் கை. நோயாளி உயிரோடு இருப்பதும், வீட்டில் ஒரு மனிதராக நடத்தப்படுவதும் அந்தக் கைகளைப் பொறுத்திருக்கின்றன. அவற்றுக்கு நாம் என்ன கற்றுக்கொடுக்கிறோம்? பல இடங்களில் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், பில் கட்டுகிற பரபரப்புக்கு நடுவில், ஒரு கால் மணி நேரம். இது போதாது என்று உரத்துச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் இது என்ன என்று பார்த்துவிடுவோம். உங்கள் விரலைக் குரல்வளை மேட்டிலிருந்து மெல்லக் கீழே இறக்குங்கள். காறை எலும்புகள் சேரும் குழிக்குச் சற்று மேலே, வளையம் வளையமாகத் தட்டுப்படும். அதுதான் மூச்சுக்குழாய். பெரியவர்களுக்கு 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். குருத்தெலும்பு வளையங்கள் அதை அமுங்கிவிடாமல் தாங்கி நிற்கின்றன. மேலிருந்து இரண்டாவது, மூன்றாவது வளையங்களை ஒட்டி ஒரு திறப்பை உண்டாக்கி, வளைந்த ஒரு குழாயை உள்ளே செலுத்தி, நாடாவால் கழுத்தில் கட்டிவிடுகிறோம். மூக்கு, வாய், தொண்டை எதையும் தொடாமல் காற்று நேரே நுரையீரலுக்குப் போகும். குரல் நாண்கள் இந்தத் திறப்புக்கு மேலே இருக்கின்றன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது வேண்டியிருக்கும்.

வாய் வழியாக விட்ட குழாய் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். சில நாட்களுக்குப் போதும். நாள் கூடக்கூட அது குரல்வளையை உராய்ந்து புண்ணாக்குகிறது. அந்தக் குழாயைச் சகித்துக்கொள்ள மயக்க மருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வாயைச் சுத்தம் செய்வதும் சிரமம். குழாயைக் கழுத்துக்கு மாற்றினால் மயக்க மருந்தைக் குறைக்கலாம். நோயாளி கண் விழித்துப் பார்ப்பார், உட்காருவார். வென்டிலேட்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துப் பழக்கலாம். குரல்வளைப் புற்றுநோயிலோ, முகமும் தாடையும் நொறுங்கிய விபத்திலோ, மேல்வழி அடைபட்டுப்போனால் மூச்சுக்கு இதை விட்டால் வேறு பாதை இருக்காது.

எப்போது செய்வது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே நெடுங்காலம் விவாதம் இருந்தது. பிரிட்டனில் 909 பேரை வைத்து நடந்த ‘டிராக்மேன்’ ஆய்வின் முடிவு 2013-ல் வெளிவந்தது. வென்டிலேட்டரில் சேர்ந்த நான்கு நாட்களுக்குள் ஒரு பிரிவினருக்குச் செய்தார்கள். இன்னொரு பிரிவினருக்குப் பத்து நாள் பொறுத்து, அப்போதும் தேவைப்பட்டால் மட்டுமே செய்தார்கள். இறப்பு விகிதத்தில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. பொறுத்திருந்த பிரிவில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே கடைசியில் அந்த அறுவை தேவைப்பட்டது. ஆகவே, “இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமா டாக்டர்?” என்று கேட்கும் மகனை எரிச்சலோடு பார்க்காதீர்கள் என்று என் சக மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பல நேரங்களில் அது நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

இந்த அறுவை பழமையானது. பயந்து பயந்து செய்யப்பட்டது. பல நூற்றாண்டுகள் எழுத்தில் இருந்தும் கையில் எடுக்கத் துணிவில்லாமல் கிடந்தது. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14 அன்று தொண்டை வீங்கி மூச்சுத் திணறிக் கிடந்தபோது மூன்று மருத்துவர்கள் அருகில் இருந்தார்கள். அவர்களில் இளையவரான எலிஷா டிக் மூச்சுக்குழாயைத் திறந்துவிடலாம் என்றார். மூத்தவர்கள் சம்மதிக்கவில்லை. உடம்பிலிருந்து ரத்தத்தை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அன்றிரவே அவர் இறந்துபோனார். 1825-ல் பிரான்சின் பிரெத்தோனோ என்ற மருத்துவர், டிப்தீரியாவில் மூச்சடைத்துக் கிடந்த ஒரு சிறுமிக்கு இதைச் செய்து பிழைக்க வைத்தார். அவருடைய மாணவர் த்ரூஸோ, தொண்டை அடைத்த ஏறக்குறைய 200 குழந்தைகளுக்குச் செய்து, அவர்களில் நான்கில் ஒரு பங்கினரைக் காப்பாற்றியதாக 1833-ல் எழுதினார். நான்கில் மூன்று பேர் இறந்தார்களே என்று நாம் பதறலாம். அந்தக் காலத்தில், அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்ட குழந்தையைக் கையில் வைத்திருந்த தாய்க்கு அந்த நான்கில் ஒன்று எவ்வளவு பெரிது! அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன் 1909-ல் எங்கே, எப்படி வெட்ட வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். மிக மேலே வெட்டினால் குரல்வளை பின்னாளில் சுருங்கிப்போகும் என்று விடாமல் எச்சரித்தவரும் அவரே. 1985-ல் சியாக்லியா என்ற மருத்துவர், பெரிதாக வெட்டாமல் ஊசியும் கம்பியும் கொண்டு துளையைப் படிப்படியாக விரிக்கும் முறையைத் தந்தார். படுக்கையிலேயே வைத்துச் செய்துவிடலாம் என்று ஆனது.

ஆனால் நான் நின்று சொல்ல விரும்புவது கோபன்ஹேகன் கதையை.

1952 கோடை. டென்மார்க்கின் தலைநகரில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. பிளெக்டாம் தொற்றுநோய் மருத்துவமனைக்குச் சில நாட்களில் நாளொன்றுக்கு 50 பேர் வரை வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். கை கால் விழுந்ததோடு போகாமல், பலருக்கு மூச்சு விடும் தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலிழந்தன. சொந்த எச்சிலிலேயே மூழ்கிக்கொண்டிருந்தார்கள். ‘இரும்பு நுரையீரல்’ என்ற பெரிய உருளைக் கருவி அங்கே ஒன்றுதான் இருந்தது. மார்பில் கவசம்போல் மாட்டும் சிறு கருவிகள் ஆறு. முதல் மூன்று வாரங்களில் மூச்சு பாதிக்கப்பட்டு வந்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள்.

தலைமை மருத்துவர் லாசென், வேறு வழியில்லாமல், மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சனைக் கூப்பிட்டார். இப்சன் இறந்தவர்களின் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். கிருமி மூளையைத் தின்றுவிட்டதால் சாகிறார்கள் என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். இப்சன் வேறு மாதிரி பார்த்தார். காற்று போதாமல், ரத்தத்தில் கரியமில வாயு தேங்கிச் சாகிறார்கள் என்றார். ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியை அவரிடம் கொடுத்தார்கள். கை கால் நான்கும் விழுந்திருந்தன. கடுங்காய்ச்சல். நுரையீரலில் சளி. மரத்துப்போகும் ஊசி போட்டு மூச்சுக்குழாயைத் திறந்து, சுற்றிலும் காற்று ஊதி நிரப்பும் பட்டை (காற்றுப் பட்டை) கொண்ட குழாயைச் செருகினார்கள். குழந்தை திமிறியது. ரப்பர் பையை அழுத்தினால் காற்று உள்ளே போகவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர்கள் இது ஆகாது என்று ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். இப்சன் மயக்க மருந்தைச் செலுத்தினார். சிறுமியின் திமிறல் அடங்கி, அவளுடைய சொந்த மூச்சும் நின்றது. இப்போது பையை அழுத்தினார். காற்று போனது. சளியை உறிஞ்சி எடுத்தார்கள், மறுபடி அழுத்தினார்கள். அவள் முகத்தில் நிறம் திரும்பியது. அவள் பிழைத்து 1971 வரை வாழ்ந்தாள்.

வழி தெரிந்துவிட்டது. பையை அழுத்த ஆள் யார்? கருவி கிடையாது. இரவும் பகலும், நிமிடத்துக்கு நிமிடம், ஒருவர் உட்கார்ந்து கையால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மருத்துவ மாணவர்களும் பல் மருத்துவ மாணவர்களும் வந்தார்கள். முறை வைத்து, ஏறக்குறைய 1500 பேர். ஒரே நேரத்தில் 70 நோயாளிகள் வரை கையாலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நாட்கள் இருந்தன. அந்தக் குழந்தைகள் விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள். காற்று போதுமா, இன்னும் வேண்டுமா என்பதை முகத்திலும் கண்ணிலும் படித்து, மாணவர்கள் தங்கள் கையை மாற்றிக்கொண்டார்கள். ஒரு கையால் பையை அழுத்தியபடி கதை வாசித்துக் காட்டினார்கள். சில குழந்தைகள் அவர்கள் கையிலேயே இறந்தும்போனார்கள். இருபது வயதுப் பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொண்டு மறுநாளும் வந்தார்கள். பத்துப் பேரில் எட்டுக்கு மேல் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, சாவு ஏறத்தாழ நான்கில் ஒன்றாக இறங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் இப்சன் அதே நகரத்தில் இன்னொரு மருத்துவமனையில் தொடங்கிய பிரிவைத்தான் உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று பலரும் சொல்கிறார்கள்.

இந்தக் கதையில் அறுவை செய்தவர்களின் பெயர்களை விட அந்த மாணவர்கள்தான் எனக்கு முக்கியம். கழுத்தில் போட்ட துளை அவர்கள் இல்லாவிட்டால் எதற்கும் உதவியிருக்காது. அவர்களுக்கு யாரோ கற்றுக்கொடுத்தார்கள். முறை வகுத்தார்கள். களைத்தால் மாற்று ஆள் இருந்தது. நம் ஊரில் கழுத்தில் குழாயோடு வீட்டுக்குப் போகிறவரைக் காக்கும் மனைவிக்கு மாற்று ஆள் உண்டா? அதையும் யோசித்தாக வேண்டும்.

இனி குரலுக்கு வருவோம். குரல் நாண்கள் திறப்புக்கு மேலே இருக்கின்றன என்றேன். காற்று அவற்றைத் தொடாமல் கழுத்து வழியாகவே வந்து போய்விடுவதால் பேச்சு வராது. இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால், மயக்கம் தெளிந்து கண் விழித்தவர் வாயைத் திறந்து பேசிப் பார்க்கிறார், சத்தம் வரவில்லை. ஊமையாகிவிட்டோம் என்று நினைத்துத் தவிக்கிறார். அந்த அச்சத்தை நான் பல கண்களில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அவர் செவிடு என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. காதுக்கருகில் போய்க் கத்துகிறார்கள். அல்லது அவர் அங்கே இல்லாததுபோல், அவர் தலைக்கு மேலேயே சொத்தையும் செலவையும் பேசுகிறார்கள். அவருக்கு எல்லாம் கேட்கிறது.

தமிழ்நாட்டில் மேடைப் பேச்சு என்றால் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒருவர் கலைஞர் மு. கருணாநிதி. 2016 டிசம்பரில், 92 வயதில், நுரையீரல் தொற்றுக்காகச் சென்னையில் அவருக்கு டிரக்கியாஸ்டமி செய்யப்பட்டது. 2018 ஆகஸ்ட் 7-ல் மறையும்வரை அந்தக் குழாயோடுதான் இருந்தார். ‘உடன்பிறப்பே’ என்று அவர் அழைத்த குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள், வீட்டு வாசலில் அவர் கையசைப்பதை மட்டும் பார்த்தார்கள். 2018 ஜூலையில் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதிய குழாய் பொருத்த அவர் மருத்துவமனைக்கு வந்துபோனதாகச் செய்தி வந்தது. “குழாயை மாத்தணுமா டாக்டர்? எங்ககிட்ட யாருமே சொல்லலியே” என்று அந்த வாரம் என்னிடம் கேட்ட குடும்பங்கள் உண்டு. ஒரு பெரிய மனிதரின் நோய், சாதாரண வீடுகளுக்குப் பாடம் எடுத்தது.

இயற்பியல் அறிஞர் ஸ்டீஃபன் ஹாக்கிங் கதையும் இதுதான். 1985-ல் ஜெனிவாவில் நிமோனியா வந்து வென்டிலேட்டரில் கிடந்தார். கருவியை நிறுத்திவிடலாமா என்று கேட்டபோது மனைவி ஜேன் மறுத்துவிட்டார். கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்து டிரக்கியாஸ்டமி செய்தார்கள். எஞ்சியிருந்த குழறலான பேச்சும் போயிற்று. அவரைக் கணினிக் குரலோடுதான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் அவர் பேசியது ஓர் எழுத்து அட்டையைக் கொண்டு. அட்டையில் இருக்கும் எழுத்துகளை இன்னொருவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். சரியான எழுத்து வந்ததும் இவர் புருவத்தை உயர்த்துவார். அவருடைய புகழ்பெற்ற நூல் 1988-ல் வந்தது, அறுவைக்குப் பிறகு. 2018 வரை வாழ்ந்தார்.

ஹாக்கிங்குக்குக் கிடைத்த அந்த அட்டையை நம் ஐ.சி.யூ.க்களில் தேடிப் பாருங்கள். இருந்தால் ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் இருக்கும். நாற்று நட்ட கையோடு வந்து படுத்திருக்கும் பாட்டிக்கு அதனால் என்ன பயன்? தமிழில் 247 எழுத்துகளையும் ஓர் அட்டையில் அடைத்தாலும் தேடிக் களைத்துவிடுவார்கள். ஒரு பக்கம் பதினெட்டு மெய், இன்னொரு பக்கம் பன்னிரண்டு உயிர் என்று போட்டால் போதும். ‘க்’ தொட்டு ‘ஆ’ தொட்டால் ‘கா’. பள்ளிக்கூடம் போன யாரும் புரிந்துகொள்வார்கள். எழுத்து தெரியாதவர்களுக்குப் படங்கள். தண்ணீர், வலி, சளி எடுக்கணும், குளிருது, ஒண்ணுக்குப் போகணும், பேரனைப் பார்க்கணும். ‘பயமா இருக்கு’ என்பதற்கும் ஒரு படம் கட்டாயம் வேண்டும். அதைத் தொடாத நோயாளி குறைவு. செவிலியர் மாணவிகளே, இதைச் செய்ய அரசாணை வேண்டாம். ஒரு அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் போதும்.

நோயாளி ஓரளவு தேறிவிட்டால், குரலையே மீட்டுத் தரவும் வழி உண்டு. பேச்சு வால்வு என்று சிறிய மூடி ஒன்று இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது திறக்கும், விடும்போது மூடிக்கொள்ளும். வெளியே வர வழியில்லாத காற்று மேலே ஏறிக் குரல் நாண்களின் வழியாக வாய்க்கு வரும். பேச்சும் வரும். இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் டேவிட் மியூர் என்ற அமெரிக்க இளைஞர். தசைச்சிதைவு நோயால் கை கால் அசையாமல், வென்டிலேட்டரை நம்பி வாழ்ந்தவர். பேச வேண்டும் என்ற தன்னுடைய தேவையிலிருந்தே 1980களில் அதை உருவாக்கினார். மாணவிகளுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை, இதை மறந்தால் உயிர் போகும். குழாயைச் சுற்றியுள்ள காற்றுப் பட்டையை முழுவதும் இறக்கிய பிறகே வால்வை மாட்ட வேண்டும். இறக்காமல் மாட்டினால் இழுத்த மூச்சு வெளியேற வழியே இருக்காது.

காற்றுப் பட்டையைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதன் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். கூடினால் மூச்சுக்குழாயின் உள்தோலுக்கு ரத்தம் போகாது. பல மாதம் கழித்து அந்த இடம் சுருங்கி, குழாயை எடுக்கவே முடியாமல் போகும். வெளியே தொங்கும் சிறு பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து ‘சரியா இருக்கு’ என்று சொல்லாதீர்கள். அளக்கும் கருவியைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்குப் போவோம். கணவரின் கழுத்தில் குழாயோடு பல மாதங்களாக அவரைக் காத்துவரும் ஒரு பெண் என்னிடம் சொன்னதை, அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். நடுராத்திரியில் மூச்சில் கொரகொரவென்று சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவார். சோப்புப் போட்டுக் கை கழுவி, கையுறை மாட்டி, சளி உறிஞ்சும் சக்ஷன் மெஷினைப் போடுவார். உறையைப் பிரித்து மெல்லிய குழாயை எடுத்துக் கழுத்துக் குழாய்க்குள் விடுவார். உள்ளே போகும்போது உறிஞ்சக் கூடாது. பக்கவாட்டுத் துளையிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிட வேண்டும். வெளியே இழுக்கும்போது அந்தத் துளையை மூடி, மெல்லச் சுழற்றிக்கொண்டே வர வேண்டும். கணவரின் முகம் சிவக்கும், கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும், கட்டில் குலுங்க இருமுவார். எல்லாம் பத்து விநாடிக்குள் முடிய வேண்டும், ஏனென்றால் சளியோடு சேர்ந்து அவருடைய காற்றையும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறோம். கடிகாரம் பார்க்க நேரமில்லையே, எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள் என்று கேட்டேன். “உள்ள விடும்போதே என் மூச்சைப் பிடிச்சுக்குவேன் டாக்டர். எனக்கு முட்டுனா அவருக்கும் முட்டும்ல. உடனே எடுத்துருவேன்” என்றார். நல்ல செவிலியர்கள் கடைப்பிடிக்கும் முறை அது. அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது மட்டும் அவர் முகம் வாடியது. காலால் மிதித்து இயக்கும் சக்ஷன் கருவி இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லி அனுப்பாதவர்கள், படித்தவர்களாகிய நாங்கள்.

சளி ஏன் இவ்வளவு சேர்கிறது? நாம் இழுக்கும் காற்றை மூக்கு சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி அனுப்புகிறது. கழுத்து வழியே போகும் காற்றுக்கு அந்த வசதி இல்லை. வறண்ட காற்று நேரே போவதால் சளி கெட்டிப்பட்டுக் காய்ந்த பசைபோல் குழாய்க்குள் ஒட்டிக்கொள்ளும். அதனால் செயற்கை மூக்கு என்று சொல்லப்படும் சிறு வடிகட்டியை மாட்டலாம். கிடைக்காதபோது, சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து தளர்வாக முன்னால் தொங்கவிடலாம். வெளிக்குழாய்க்குள் பொருந்தியிருக்கும் உள்குழாயைத் தினமும் பலமுறை கழற்றிக் கழுவ வேண்டும். வீட்டில் நாம் பாசத்தோடு செய்யும் சில காரியங்களை நிறுத்த வேண்டும். சாம்பிராணிப் புகை கூடாது. ஊதுபத்தி கூடாது. குளிப்பாட்டிவிட்டுக் கழுத்தில் பவுடர் பூசவே கூடாது. அது நேரே நுரையீரலுக்குப் போகும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது துளைக்குள் ஒரு சொட்டும் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளைப் பற்றி நான் பேசாமல் போனால் அது குற்றம். பிறவியிலேயே மூச்சுவழி குறுகிய குழந்தைகளுக்கும் இந்தக் குழாய் போடுகிறோம். அந்தக் குழந்தை அழுதால் பெரும்பாலும் சத்தம் வராது. முகம் கோணும், வாய் திறக்கும், கண்ணீர் வழியும், அறையில் அமைதியாக இருக்கும். அடுப்படியில் நிற்கும் தாய்க்குத் தன் பிள்ளை அழுவது தெரியாது. அப்படிப்பட்ட தாய்மார்கள் வருஷக்கணக்கில் அயர்ந்து தூங்குவதில்லை. பிள்ளையின் மார்பில் ஒரு கையை வைத்தபடி படுக்கிறார்கள். மாமியார்களுக்கும் கணவர்மார்களுக்கும் சொல்கிறேன்: சளி உறிஞ்ச நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு இரவாவது அந்தப் பெண் அடுத்த அறையில் போய்த் தூங்கட்டும். அது அவளுக்குச் செய்யும் சலுகை என்று நினைக்காதீர்கள். களைத்த கை தவறு செய்யும், அந்தத் தவறைக் குழந்தை தாங்காது.

திடீரென்று மூச்சு முட்டினால் என்ன செய்வது? முதலில் உள்குழாயைக் கழற்றுங்கள். பல நேரம் அடைப்பு அதில்தான் இருக்கும். அடுத்தது சக்ஷன். அதிலும் சரியாகாவிட்டால், துளை நன்றாக ஆறிப் பழகிய பல வார நோயாளியாக இருந்தால், பழைய குழாயை எடுத்துவிட்டு மாற்றுக் குழாயைப் பொருத்த வேண்டும். அதே அளவில் ஒன்றும், ஓர் அளவு சிறியதாக ஒன்றும் தலைமாட்டில் எப்போதும் இருக்க வேண்டும். இதைக் குடும்பத்தில் இருவராவது மருத்துவமனையில் எங்கள் கண் முன்னால் பலமுறை செய்து பழகிய பிறகே வீட்டுக்குப் போக வேண்டும். அறுவை நடந்து ஒரு வாரமே ஆனவருக்குத் துளை சட்டென்று மூடிக்கொள்ளும். அதனால் அந்த நாட்களில் அவர் மருத்துவமனையிலேயே இருப்பதுதான் சரி. ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். வருகிற ஊழியரிடம் ‘கழுத்து வழியாத்தான் மூச்சு விடுறார்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். புற்றுநோய்க்காகக் குரல்வளையையே எடுத்துவிட்டவர்களுக்கு வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே கிடையாது. அவர்கள் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை வைத்து ஒரு பயனும் இல்லை. கழுத்தில்தான் வைக்க வேண்டும்.

அந்த வாசலில் நின்ற மகனுக்கு நான் என்ன பதில் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். நோயைப் பொறுத்தது என்றுதான் சொல்கிறேன். குய்லான் பாரே நோயில் கை கால் விழுந்து, குழாயோடு மாதக்கணக்கில் கிடந்து, பிறகு நடந்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. தலைக்காயத்திலிருந்து மெல்லத் தேறியவர்களும் உண்டு. நன்றாக இருமிச் சளியைத் துப்ப முடிகிறதா, குழாயை அடைத்து வைத்தாலும் மூக்கு வழியாகச் சிரமமின்றி மூச்சு வருகிறதா, விழுங்கும்போது புரையேறாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குழாயை எடுத்துவிடுவோம். பெரும்பாலும் துளை சில நாட்களில், சிலருக்குச் சில வாரங்களில், தானே மூடிக்கொள்ளும். சின்னத் தழும்பு இருக்கும். வாழ்நாள் முழுவதும் குழாயோடு இருக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு வருத்தம் தருவது மூன்றாவது வகை. எப்போதோ எடுத்திருக்கலாம். மறு பரிசோதனைக்கு வரச் சொல்லி யாரும் சொல்லாததால், சொன்னாலும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுகிறார் என்று கூசியதால், குழாயோடு வீட்டுக்குள்ளேயே முடங்கிக்கிடக்கிறார்கள்.

பஸ்ஸில் இப்படி ஒருவரைப் பார்த்தால் எழுந்து போகாதீர்கள். கழுத்தைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். அவர் விரலால் குழாயை மூடிக்கொண்டு பதில் சொல்ல முயலலாம். கொஞ்சம் காத்திருங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வருகின்றன. அப்படி வீடு தேடி வரும் செவிலியருக்கு டிரக்கியாஸ்டமி பராமரிப்பிலும் பயிற்சி கொடுத்து, கழுத்தில் குழாயோடு டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொருவரின் பெயரும் அந்தந்த ஊர்ச் செவிலியர் கைக்குப் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். சக்ஷன் மெஷினை வாங்க முடியாத வீட்டுக்கு அதை இரவலாகக் கொடுக்கும் ஏற்பாடு ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் இருக்க வேண்டும்.

நான் பேசியது போதும். பக்கத்து மேசையில் மூன்று மாதிரிக் கழுத்துகளை வைத்திருக்கிறோம். உள்குழாயும் வெளிக்குழாயும் சேர்ந்த செட், கால்மிதி சக்ஷன் ஒன்று, நான் சொன்ன உயிர், மெய் எழுத்து அட்டை எல்லாம் அங்கே இருக்கின்றன. எங்கள் வார்டு செவிலியர்கள் இருவர் சொல்லிக்கொடுப்பார்கள். வீட்டில் நோயாளி இருக்கும் குடும்பத்தார் முதலில் வாருங்கள். கூட வந்த ஆண்களும் வாருங்கள். உள்குழாயை ஒவ்வொருவரும் தன் கையால் கழற்றி, கழுவி, மாட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். எத்தனை மணியானாலும் நாங்கள் இங்கேயே இருப்போம்.